நனைதல், ஊறுதல், போதையேறுதல்: ஸ்பானிய மொழியின் ஈரச் சொற்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்பானிய மொழியில் சமையற்குறிப்பு படிக்கத் தொடங்குபவர் என்றாவது ஒரு நாள் ‘எம்பொறச்சார் எல் பிஸ்கோச்சோ’ என்ற தொடரில் வந்து நிற்பார். அகராதியைப் புரட்டினால் ‘எம்பொறச்சார்’ என்பதற்குக் குடிபோதையேற்றுதல் என்று பொருள் போட்டிருக்கும். ‘பிஸ்கோச்சோ’ என்பது கேக். கேக்குக்கு எப்படிப் போதையேற்றுவது என்று திகைக்க வேண்டியதில்லை. வெந்த கேக்கின் மேல் சர்க்கரைப் பாகையோ இனிப்பு மதுவையோ ஊற்றி, அதன் நடுப்பகுதி வரை ஊறவிடுவதைத்தான் அந்தத் தொடர் சொல்கிறது. அப்படி ஊறிய கேக்குக்கு ‘பிஸ்கோச்சோ பொறாச்சோ’, அதாவது குடிகாரக் கேக் என்று பெயர். மத்ரித்துக்கு வடகிழக்கே இருக்கும் குவாதலஹாரா நகரம் இந்தப் பண்டத்துக்குப் பேர்போனது.

நனைதல், ஊறுதல், உறிஞ்சுதல், போதையேறுதல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை நான்கு தனித்தனிப் பட்டியல்களாக மனப்பாடம் செய்யச் சொல்லும் பாடநூல்கள் உண்டு. அப்படிப் படித்தவர்கள் சொற்களை அறிந்திருப்பார்கள்; எந்தச் சொல்லை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் தடுமாறுவார்கள். இவை ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த சொற்கள். பாலில் தோய்த்த ரொட்டித் துண்டிலிருந்து தொடங்கி, மழை வழியாக நடந்து, கடைசியில் மதுக்கடைக்குப் போய்ச் சேர்வதே இவற்றைக் கற்பதற்கு இயல்பான வரிசை என்பது என் கருத்து. குடியைப் பற்றிய கொச்சைச் சொற்கள் சுவையானவை என்பதால் நேரே அங்கே தாவுவதற்கு ஆவல் எழும். முந்தைய படிகளைக் கடக்காமல் அங்கே போனால் அந்தச் சொற்களின் நகைச்சுவை பாதி விளங்காது.

முதலில் ஒலி

இக்கட்டுரையில் ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன் என்பதால் சில ஏற்பாடுகளைச் சொல்லிவிட வேண்டும். ஒரு சொல்லில் அழுத்தம் விழும் அசையை நெடிலாக எழுதியிருக்கிறேன். சொல்லின் இறுதியில் வரும் உயிரும் தமிழ் வழக்கத்துக்காக நெடிலாகவே இருக்கும். பேசும்போது அதைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். ‘ஹ’ என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் தொண்டையிலிருந்து உராய்ந்து வரும் ஒலி. நம் ஊர்ப் பழச்சாற்றுக் கடைப் பலகைகளில் ‘மொஜிட்டோ’ என்று எழுதப்படும் பானத்தின் பெயரை ஸ்பானியர் ‘மொஹீத்தோ’ என்று சொல்வதற்கு இந்த ஒலியே காரணம்.

தமிழருக்குச் சாதகமான செய்தி ஒன்று உண்டு. ஸ்பானியச் சொற்களின் இடையில் உயிர்களுக்கு நடுவே வரும் மெல்லிய தகர ஒலி, ‘அது’, ‘எதை’ என்று நாம் சொல்லும்போது வரும் தகரமேதான். ஆகவே ‘மொஹாதோ’, ‘எம்ப்பப்பாதோ’ போன்ற சொற்களை நாம் சிரமமின்றிச் சொல்லிவிடலாம். ‘பொறாச்சோ’ என்பதில் நான் வல்லின றகரத்தைப் போட்டிருப்பதும் காரணத்தோடுதான். ஸ்பானிய மொழியில் நாவை ஒருமுறை தட்டும் ரகரமும் நாவைப் பலமுறை அதிரவைக்கும் றகரமும் பொருளை மாற்றும் தனித்தனி ஒலிகள். மரம், மறம் என்று நாம் எழுத்தில் காக்கும் வேறுபாடு கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சில் இன்றும் காதில் விழுகிறது; மற்றவர்கள் கொஞ்சம் பழக வேண்டியிருக்கும்.

பகரத்தில்தான் நாம் வழுக்குவோம். மகர மெய்க்குப் பின் வரும் பகரத்தை ‘அம்பு’ என்பதில் போல மெலிந்து ஒலிப்பது தமிழின் இயல்பு. ஸ்பானிய மொழியில் மெலிந்த பகரமும் வலிந்த பகரமும் இரண்டும் அந்த இடத்தில் வரும். அதனால் வலிந்து ஒலிக்க வேண்டிய இடத்தில் ‘எம்ப்பப்பார்’ என்று இரட்டித்தும், மெலிந்து ஒலிக்க வேண்டிய இடத்தில் ‘எம்பெபேர்’ என்று ஒற்றையாகவும் எழுதுகிறேன். சொல்லின் முதலில் வரும்போது எழுத்தால் காட்ட வழியில்லை. ‘பொறாச்சோ’, ‘பெபேர்’ ஆகியவற்றைப் ‘பஸ்’ என்று சொல்வதைப் போலவும், ‘பான்’, ‘பேதோ’ ஆகியவற்றைப் ‘படம்’ என்று சொல்வதைப் போலவும் தொடங்க வேண்டும்.

நனைந்தேனா, நனைத்தேனா

இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை ‘மொஹார்’ என்னும் வினை. நனைத்தல், தோய்த்தல் என்பது அதன் பொருள். மென்மையாக்குதல் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து அது வந்திருக்கிறது. காய்ந்த ரொட்டியைத் திரவத்தில் தோய்த்து மென்மையாக்கும் வீட்டுப் பழக்கம் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இன்றும் ஸ்பெயினில் குழம்பு நன்றாக இருந்தால் அதைப் ‘பாரா மொஹார் பான்’ என்று புகழ்வார்கள். தட்டில் மிஞ்சியதையும் ரொட்டியால் துடைத்து உண்ணத் தக்கது என்பது கருத்து.

இங்கே ஒரு நாள் முழுவதும் நின்று பழக வேண்டிய இலக்கணச் செய்தி இருக்கிறது. தமிழில் ‘நனைந்தேன்’ என்பது வேறு, ‘நனைத்தேன்’ என்பது வேறு. ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறியவுடன், தானே நனைந்தவர் இன்னொன்றை நனைத்தவராகிவிடுகிறார். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்த அதே வேறுபாட்டை ஸ்பானிய மொழி வினைக்கு முன்னால் ஒரு சிறு சொல்லைச் சேர்த்துக் காட்டுகிறது. ‘மொஹே எல் பான்’ என்றால் ரொட்டியை நனைத்தேன். ‘மே மொஹே’ என்றால் நான் நனைந்தேன். நீ நனைந்தாய் என்பதற்குத் ‘தே மொஹாஸ்தே’, அவன் அல்லது அவள் நனைந்ததற்குச் ‘சே மொஹோ’. அகராதியில் இவ்வடிவம் ‘மொஹார்சே’ என்று இறுதியில் ஒட்டிக்கொண்டு காணப்படும். இந்தக் கட்டுரையில் வரும் பெரும்பாலான வினைகளுக்கு இதே வாய்பாடு பொருந்தும்: ‘எம்ப்பப்பார்’ என்றால் தோய நனைத்தல், ‘எம்ப்பப்பார்சே’ என்றால் தோய நனைதல், ‘எம்பொறச்சார்’ என்றால் பிறருக்குப் போதையேற்றுதல், ‘எம்பொறச்சார்சே’ என்றால் தான் போதையேறுதல்.

அந்தச் சிறு சொல்லை விட்டுவிடுவதே புதியவர்கள் செய்யும் முதன்மையான பிழை. மழையில் நனைந்தேன் என்று சொல்ல நினைத்து வெறுமனே ‘மொஹே’ என்றால், எதை நனைத்தாய் என்று கேட்பவர் காத்திருப்பார். அதைவிடச் சங்கடம், செயப்படுபொருள் இல்லாத ‘மொஹார்’ ஸ்பெயின் நாட்டு இளைஞர் கொச்சையில் உடலுறவைக் குறிக்கும் என்பதால், கூட்டத்தில் யாராவது சிரித்துவிடவும் கூடும். ‘மே’ என்ற ஓர் அசை அந்தச் சங்கடத்திலிருந்து காப்பாற்றும்.

இன்னொரு வடிவத்தையும் இதே நாளில் கற்றுக்கொள்ளலாம். கைப்பேசி தண்ணீரில் விழுந்துவிட்டால் ஸ்பானியர் ‘சே மே மொஹோ எல் தெலேஃபோனோ’ என்பார்கள். கைப்பேசி தானே நனைந்ததாகவும், அந்த நனைவு எனக்கு நேர்ந்ததாகவும் வாக்கியம் அமைகிறது. ‘கைப்பேசி நனைஞ்சு போச்சு’ என்று நாம் சொல்லும்போது பழியை யார் மேலும் போடாமல் நழுவுகிறோமே, அந்த நழுவலுக்கு ஸ்பானிய மொழியில் இதுதான் வழி.

சமையலறையில் ஊறவைத்தல்

அடுத்த படியை அடுப்பங்கரையில் வைத்துக்கொள்வது நல்லது. இச்சொற்கள் அங்கேதான் மிகுதியாகப் புழங்குகின்றன. ‘ரெமொஹார்’ என்றால் ஊறவைத்தல். பேச்சிலும் சமையற்குறிப்பிலும் ‘பொனேர் என் ரெமோஹோ’ என்ற தொடரே அதிகம் வரும். ஸ்பெயினில் ‘அ ரெமோஹோ’ என்றும் சொல்வார்கள். ஸ்பானிய வீடுகளில் கொண்டைக்கடலையை, அவர்கள் சொல்லில் ‘கர்பான்சோஸ்’, முந்தைய இரவே வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் உப்புப் போட்டு ஊறவைப்பது வழக்கம். உப்பிட்டு உலர்த்திய ‘பக்கலாவோ’ மீனையும் இப்படித்தான் ஊறவைப்பார்கள்; ஆனால் அங்கே நோக்கம் வேறு, உப்பை வெளியேற்றுவது. துண்டின் பருமனைப் பொறுத்து 24 முதல் 48 மணி நேரம் வரை, நீரைப் பலமுறை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். அந்தச் செயலுக்கு உப்பு நீக்குதல் என்று பொருள்படும் ‘தெசலார்’ என்ற தனிச்சொல் இருப்பதால், பக்கலாவோவுக்கு ‘ரெமொஹார்’ என்று மட்டும் எழுதினால் சமைப்பவருக்குச் செய்தி முழுமையாகப் போய்ச் சேராது.

‘எம்ப்பப்பார்’ என்பது ‘மொஹார்’ என்பதைவிட ஆழமானது. பிஸ்கட்டைப் பாலில் முக்கி உடனே எடுத்தால் அது ‘மொஹார்’. பால் பிஸ்கட்டின் துளைகளிலெல்லாம் புகுந்து, தூக்கினால் உடையும் நிலைக்கு வந்தால் அது ‘எம்ப்பப்பார்’. குழந்தைக்கு ஊட்டும் குழைந்த உணவைக் குறிக்கும் ‘பாப்பா’ என்ற சொல் இதற்குள் இருக்கிறது. பல லத்தீன் அமெரிக்க நாடுகளில் அதே ‘பாப்பா’ உருளைக்கிழங்கையும் குறிக்கும், ஆனால் அது தென் அமெரிக்கப் பழங்குடி மொழியான கெச்சுவாவிலிருந்து வந்த வேறு சொல். புனித வாரத்தில் ஸ்பெயின் முழுவதும் செய்யப்படும் ‘தொறீஹாஸ்’ என்ற பண்டத்துக்கு இந்த வினை இல்லாமல் செய்முறை எழுதவே முடியாது. பழைய ரொட்டித் துண்டுகளை இலவங்கப்பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் காய்ச்சிய பாலிலோ மதுவிலோ ஊறவைத்து, முட்டையில் தோய்த்து, எண்ணெயில் பொரித்துச் சர்க்கரையோ தேனோ சேர்க்கிறார்கள். ரொட்டி ‘பியேன் எம்ப்பப்பாதோ’, அதாவது நன்றாக ஊறியதாக இருக்க வேண்டும் என்பது பாட்டிமார் தவறாமல் சொல்லும் குறிப்பு. மந்தமாக, பாதித் தூக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ‘கே தொறீஹா யேபாஸ்’ என்று ஸ்பெயினில் கேலி செய்வதும் உண்டு. இரவு குடித்துவிட்டு வந்தவருக்கும் அந்தக் கேலி பொருந்தும் என்பதைக் கவனித்தால், ஊறிய ரொட்டி எந்தத் திசையில் நகர்கிறது என்பது புரியத் தொடங்கும்.

கேக்கைப் பாகில் ஊறவைப்பதற்கு ‘கலார்’ என்ற இன்னொரு வினையும் உண்டு. லத்தீன் அமெரிக்கா முழுவதும் விரும்பி உண்ணப்படும் ‘த்ரேஸ் லேச்சேஸ்’ கேக்கில் பாகுக்குப் பதிலாக ஆவியாக்கிய பால், கட்டிப்பால், பாலாடை என்ற மூன்றும் ஊற்றப்படுகின்றன. பெயருக்கே மூன்று பால் என்றுதான் பொருள். அங்கே ஒரு துளி மதுகூட இல்லாமல் கேக் ஊறலாம். மெக்சிகோவிலோ பீர் ஊற்றிச் சமைத்த அவரைவிதைகள் ‘ஃப்ரிஹோலேஸ் பொறாச்சோஸ்’, குடிகார அவரை ஆகிவிடுகின்றன.

நாற்காலியில் உட்கார்ந்து சொற்பட்டியல் எழுதுவதைவிட, இப்பண்டங்களில் ஒன்றை ஸ்பானியச் செய்முறை வாசித்துச் செய்து பார்ப்பது பயன் தரும் பயிற்சி. நீர் தொட்டவுடன் ‘மொஹார்’, நேரம் ஆக ஆக ‘ரெமொஹார்’, உள்ளே புகுந்தபின் ‘எம்ப்பப்பார்’ என்ற வேறுபாட்டைக் கை தானாகவே கற்றுக்கொள்ளும்.

மழையில்

மழைக்குப் போவோம். லேசான ஈரத்துக்கு ‘ஊமெதோ’, நனைந்ததற்கு ‘மொஹாதோ’, சொட்டச் சொட்ட நனைந்ததற்கு ‘எம்ப்பப்பாதோ’, எலும்புவரை நனைந்ததற்குக் ‘கலாதோ ஆஸ்தா லோஸ் உவேசோஸ்’ என்று ஏணிப்படி போல ஏறிக்கொள்ளலாம். தமிழில் நாம் தெப்பமாக நனைந்தேன் என்று சொல்லுமிடத்தில் ஸ்பானியர் ‘எஸ்தோய் ஏச்சோ ஊனா சோப்பா’ என்பார்கள். நான் ஒரு சூப்பாக ஆகிவிட்டேன் என்பது சொல்லுக்குச் சொல் பொருள். ‘சோப்பா’ என்ற சொல் இன்று சூப்பைக் குறித்தாலும், திரவத்தில் ஊறிய ரொட்டித் துண்டு என்பது அதன் பழம்பொருள். இன்றும் அகராதியில் அப்பொருள் இருக்கிறது. ஆக மழையில் நனைந்து வருபவரும் ஊறிய ரொட்டியே. பல அமெரிக்க நாடுகளில் இதையே ‘என்சொப்பாதோ’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பேசுபவர் பெண்ணாயின் ‘மொஹாதா’, ‘எம்ப்பப்பாதா’, ‘ஏச்சா ஊனா சோப்பா’ என்று ஈறு மாற வேண்டும். தமிழில் பெயரடைக்குப் பாலில்லை என்பதால் நாம் இதை மறந்துபோவோம்.

‘கலார்’ இங்கே இன்னும் கூர்மையாகிறது. மேலே விழுந்த நீர் துணியைத் துளைத்து உள்ளே இறங்குவதே அதன் கருத்து. அதனால்தான் பார்ப்பதற்கு மழை போலவே தெரியாமல், குடையில்லாமல் நடப்பவரைக் கொஞ்சங்கொஞ்சமாக நனைத்துவிடும் தூறலுக்குக் ‘கலபோபோஸ்’, அசடர்களை நனைப்பது என்று பெயர். வடக்கே பாஸ்க் நாட்டில் அதே தூறல் ‘சிரிமிரி’. உள்ளே இறங்குதல் என்ற கருத்து மனிதர்களுக்கும் நீள்கிறது. ‘தே தேங்கோ கலாதோ’ என்று ஒருவர் சொன்னால், உன் உள்ளத்தில் இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள். பழக்காரர் முலாம்பழத்தில் சிறு துண்டு வெட்டிச் சுவை பார்ப்பதும் ‘கலார்’தான். ஸ்பெயினில் நடுச்சாலையில் வண்டி இயந்திரம் நின்றுபோனால் அதற்கும் இதே வினை என்பதைத் தெரிந்துகொண்டு கடந்துவிடலாம்.

நனைவைப் பற்றிய வழக்குத்தொடர்களில் மூன்று உடனே பயன்படும். ‘பப்பேல் மொஹாதோ’, நனைந்த காகிதம் என்பது மதிப்பிழந்த ஒப்பந்தத்தையோ நிறைவேறாத வாக்குறுதியையோ குறிக்கும்; செய்தித்தாள்களில் அடிக்கடி வரும். ‘யொபேர் சோப்ரே மொஹாதோ’, நனைந்ததன் மேல் மழை பெய்தல் என்பது நம்முடைய ‘பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்’ என்பதற்கு நேரானது. மூன்றாவது, ‘மொஹார்சே’ என்பதற்குத் துணிந்து தன் நிலைப்பாட்டைச் சொல்லுதல் என்ற பொருளும் உண்டு. அரசியல்வாதி ஒருவர் ‘நோ சே மொஹா’ என்றால் அவர் நனைவதில்லை, அதாவது எந்தப் பக்கமும் சாயாமல் நழுவுகிறார். இது நமக்குப் புதிது. தமிழில் நனைபவர் அவதிப்படுபவர்தானே தவிரத் துணிந்தவர் அல்லர்.

உறிஞ்சும் சொற்கள்

உறிஞ்சுதலுக்கு வந்தால், குடித்தலும் ஊறுதலும் எவ்வளவு நெருக்கம் என்பது சொல்லின் உருவத்திலேயே தெரியும். ‘பெபேர்’ என்றால் குடித்தல். அதற்கு முன்னால் ஓர் அசை சேர்த்த ‘எம்பெபேர்’ என்றால் உள்ளே இழுத்துக்கொள்ளுதல். ‘சொர்பேர்’ என்றால் உறிஞ்சிக் குடித்தல். ‘அப்சொர்பேர்’ என்றால் ஈர்த்துக்கொள்ளுதல். இரண்டு இணைகளும் லத்தீனிலேயே இப்படித்தான் இருந்தன. பஞ்சும் நிலமும் காகிதமும் ஸ்பானிய மொழியில் குடிக்கின்றன என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். எழுத்து நடையில் ‘அப்சொர்பேர்’ எங்கும் செல்லும். ‘எம்பெபேர்’ சற்றே இலக்கியச் சாயல் கொண்டது. ஆனால் தையற்காரர்கள் அதை அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். சட்டைக் கையின் மிகுதித் துணியைச் சுருக்கம் தெரியாமல் தோள் தையலுக்குள் அடக்குவதற்கு அவர்களிடம் அதுவே சொல்.

மனம் ஒன்றில் தோய்வதற்கும் இதே வினைகள்தான். தமிழில் ‘தோய்ந்த’ என்று துணிக்கும் புலமைக்கும் ஒரே சொல்லை ஆள்வதால் நமக்கு இது எளிது. ஒரு நாட்டின் பண்பாட்டில் ஊறித் திளைப்பது ‘எம்ப்பப்பார்சே தே லா குல்தூரா’. புத்தகத்தில் ஆழ்ந்து போனவர் ‘எம்பெபீதோ என் லா லெக்தூரா’. ‘அப்சொர்பேர்’ வினைக்கு மட்டும் இரண்டு எச்சங்கள் இருப்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நீர் ‘அப்சொர்பீதோ’ ஆகும். சிந்தனையில் மூழ்கிய மனிதர் ‘அப்சோர்த்தோ’. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் தேர்வில் மதிப்பெண் போகும்.

‘ச்சுப்பார்’ என்றால் சப்புதல், உறிஞ்சுதல். விரல் சூப்புகிற குழந்தையைப் பற்றி நாம் சொல்லும் சொல்லோடு இது ஒலியில் ஒத்திருப்பது தற்செயல்தான் என்றாலும், மறக்காமல் இருக்க உதவும். செடி வேரால் நீரை உறிஞ்சுவதற்கும் இதைச் சொல்லலாம். பெரு, அர்ஜென்டினா, பொலிவியா போன்ற நாடுகளில் ‘பாமோஸ் அ ச்சுப்பார்’ என்று நண்பர் அழைத்தால், அவர் குடிக்கக் கூப்பிடுகிறார். ஸ்பெயினில் ஒரே மடக்கில் குடிக்கும் சிறு கோப்பை மதுவுக்குச் ‘ச்சுப்பீத்தோ’ என்று பெயர்.

மதுக்கடை வாசலில்

ஊறவைத்தலுக்கும் மதுவுக்கும் இடையே கதவாக நிற்பது ‘ரெமொஹார்’ என்ற நாம் ஏற்கெனவே கண்ட வினைதான். ஒருவருக்கு வேலை கிடைத்தாலோ புது வண்டி வாங்கினாலோ ‘ஆய் கே ரெமொஹார்லோ’ என்பார்கள். இதை ஊறவைத்தாக வேண்டும் என்று சொல்லுக்குச் சொல் பொருள். நண்பர்களுக்கு மது வாங்கிக் கொடுத்துக் கொண்டாட வேண்டும் என்பது கருத்து. நம் நண்பர்கள் ‘தண்ணி’ என்று சொல்லி எதைக் கேட்கிறார்கள் என்று அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

போதையேறிய நிலைக்குப் பொதுச்சொல் ‘பொறாச்சோ’, பெண்பாலில் ‘பொறாச்சா’. எல்லா நாடுகளிலும் விளங்கும். மது நிரப்பிய தோல்பையைக் குறித்த ‘பொறாச்சா’ என்ற பழஞ்சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என்பது சொற்பிறப்பியலாரிடையே செல்வாக்குள்ள கருத்து. ஓவியர் வெலாஸ்கெஸ் 1628–29 காலத்தில் வரைந்த, மது தெய்வமாகிய பாக்கஸ் உழவர்களோடு அமர்ந்திருக்கும் ஓவியத்தை மத்ரித்தின் பிராதோ அருங்காட்சியகத்தில் காணலாம். அதன் முறையான பெயர் பாக்கஸின் வெற்றி. மக்கள் வழக்கிலோ அது ‘லோஸ் பொறாச்சோஸ்’.

இந்தச் சொல்லைக் கையாளும் முன் இருத்தலைக் குறிக்கும் இரண்டு வினைகளின் வேறுபாட்டை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ‘எஸ்த்தா பொறாச்சோ’ என்றால் அவர் இப்போது போதையில் இருக்கிறார், நாளை தெளிந்துவிடும். ‘எஸ் ஊன் பொறாச்சோ’ என்றால் அவர் குடிகாரர். முதலாவது ஒரு மாலையைப் பற்றிய தகவல். இரண்டாவது ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பு. நண்பரின் தந்தையைப் பற்றிப் பேசும்போது இவை இடம் மாறினால் நட்பே முறியலாம். நனைவுச் சொற்களுக்கு ‘எஸ்த்தார்’ வினையே வரும் என்பதால், நனைந்தவரையும் போதையேறியவரையும் ஒரே வாய்பாட்டில் வைத்து மனத்தில் பதித்துக்கொள்ளலாம்: ‘எஸ்த்தா மொஹாதோ’, ‘எஸ்த்தா பொறாச்சோ’.

மென்மையாகச் சொல்ல வேண்டுமானால் ஸ்பெயினில் ‘பெபீதோ’, லத்தீன் அமெரிக்காவில் ‘தொமாதோ’. இரண்டுமே குடிக்கப்பட்ட என்ற செயப்பாட்டு வடிவம் கொண்டிருந்தும், குடித்திருக்கிற என்ற செய்வினைப் பொருளைத் தருகின்றன. அமெரிக்க நாடுகளில் ‘தொமார்’ என்று செயப்படுபொருள் இல்லாமல் சொன்னாலே மது அருந்துவதைக் குறிக்கும் என்பதால், மருத்துவர் ‘உஸ்தேத் தோமா?’ என்று கேட்டால் காப்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்க வேண்டாம். சட்டமும் செய்தித்தாளும் ‘ஏப்ரியோ’, ‘எஸ்தாதோ தே எப்ரியெதாத்’, ‘எம்ப்ரியகேஸ்’ ஆகியவற்றை ஆளும். அதே வேரிலிருந்து வரும் ‘எம்ப்ரியகதோர்’ என்ற பெயரடை நறுமணத்துக்கும் இசைக்கும் புகழ்ச்சியாக வரும். சாலையில் காவலர் நிறுத்திக் குழாயில் ஊதச் சொல்வதற்குச் ‘சொப்லார்’ என்று பெயர். பேச்சு வழக்கில் அதே வினை நிறையக் குடிப்பதையும் குறிப்பது நல்ல வேடிக்கை.

படிநிலைகளும் உண்டு. ‘அலேக்ரே’ என்றால் மகிழ்ச்சியானவர். மாலை விருந்தில் அப்படிச் சொன்னால் இலேசாக ஏறியிருக்கிறது என்று பொருள். பழந்தமிழில் ‘களித்தான்’ என்ற சொல் மகிழ்ந்தவனையும் கள்ளுண்டு மயங்கியவனையும் ஒருங்கே குறித்ததை அறிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. பொறி தட்டியவர் என்று பொருள்படும் ‘அச்சிஸ்ப்பாதோ’வும் அதே படியில் நிற்கிறது. ஏணியின் உச்சியில் ‘கோமோ ஊனா கூபா’, ஒரு மதுப்பீப்பாயைப் போல. கியூபா நாட்டின் பெயரும் ஒலியில் இதேதான் என்றாலும் இந்தத் தொடருக்கும் அந்த நாட்டுக்கும் தொடர்பில்லை. நிறையக் குடிப்பவரை ‘பெபே கோமோ ஊனா எஸ்ப்போன்ஹா’, பஞ்சு போலக் குடிக்கிறார் என்பார்கள். நனைவின் ஏணியையும் போதையின் ஏணியையும் குறிப்பேட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும்படி பரிந்துரைக்கிறேன்.

ஊர்தோறும் வேறு சொல்

ஸ்பானிய மொழி 20 நாடுகளில் ஆட்சிமொழி. குடியைப் பற்றிய கொச்சைச் சொற்களில் அந்த நாடுகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. ஸ்பெயினில் போதையைப் பெண்குரங்கு என்று பொருள்படும் ‘மோனா’ என்றும், ஒரு கடல்மீனின் பெயரால் ‘மெர்லூசா’ என்றும் சொல்வார்கள். போதை தெளியத் தூங்குவது ‘தொர்மீர் லா மோனா’. அந்தக் குரங்கைப் ‘பிடிப்பதற்கு’ ஸ்பெயினில் ‘கொஹேர்’ என்ற வினை வரும். அதே வினை மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல் என்பதால், அங்கே ‘அகறார்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். சிலியில் போதையேறியவர் ‘குராதோ’. மற்ற நாடுகளில் அச்சொல் குணமானவரையும், பதப்படுத்திய பன்றி இறைச்சியையும், முதிர்ந்த பாலாடைக்கட்டியையும் குறிக்கும். மருத்துவமனையிலிருந்து திரும்பிய உறவினரைப் பற்றிச் சிலி நாட்டவரிடம் சொல்லும்போது இதை நினைவில் வைத்தல் நலம். குவாத்தமாலாவிலும் அதன் அண்டை நாடுகளிலும் ‘போலோ’ என்பார்கள்.

‘பேதோ’ என்ற சொல் பல நாடுகளில் கேட்கும். குசு என்பதே அதன் நேர்ப்பொருள் என்பதால், புரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டு பேசாமல் இருப்பதே புதியவருக்கு நல்லது. ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் ‘எஸ்த்தா பேதோ’ என்றும், அர்ஜென்டினாவில் ‘எஸ்த்தா என் பேதோ’ என்றும் வரும். அர்ஜென்டினாவில் ‘நி என் பேதோ’ என்றால் குடித்திருந்தாலும் செய்யமாட்டேன், அதாவது ஒருபோதும் மாட்டேன். அதே ஊரில் ‘அல் பேதோ’ என்றால் வீணாக. ‘தே பேதோ’ என்றால் தற்செயலாக. ஒரு முன்னிடைச்சொல் மாறினால் பொருளே மாறிவிடும் இத்தொடர்களை ஒரு நாட்டில் சில மாதமாவது வாழாமல் பயன்படுத்துவது ஆபத்து.

ஐயம் எழுந்தால், 1713-இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச அகாதெமியின் அகராதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எந்தப் பொருள் எந்த நாட்டில் வழங்குகிறது என்ற குறிப்பு அதில் இருக்கும். அமெரிக்க நாடுகளின் வழக்குகளுக்கென்று 2010-இல் வெளிவந்த தனி அகராதியும் உண்டு; குடிச் சொற்களுக்கு அதுவே கூடுதல் உதவி. ஒரு நாட்டைத் தேர்ந்துகொண்டு அதன் சொற்களை மட்டும் பேசப் பழகி, மற்றவற்றைக் காதுக்கு மட்டும் விட்டுவிடலாம்.

கடைசியாக, மறுநாள் காலை. தலைவலியும் நாவறட்சியுமாக எழும் நிலைக்கு ஸ்பெயினிலும் இன்னும் பல நாடுகளிலும் ‘ரெசாக்கா’ என்று பெயர். கரையில் மோதிய அலை பின்வாங்கிக் கடலுக்குள் இழுப்பதற்கும் அதே சொல். மெக்சிகோவில் அது ‘க்ரூதா’, பச்சையானது. கொலம்பியாவில் கொய்யா மரமான ‘குவயாபோ’, வெனிசுவேலாவில் எலியான ‘ரத்தோன்’, மத்திய அமெரிக்க நாடுகளில் ‘கோமா’, சிலியில் ‘கான்யா’, ஈக்வடாரில் ‘ச்சுச்சாக்கி’. பொலிவியாவில் ‘ச்சாக்கி’ என்பார்கள். அது கெச்சுவா மொழிச் சொல். வறண்டது, உலர்ந்தது என்று பொருள்.